பில்லின் கடைசி வரி

சென்னை பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளில் 36 வருடம் கணக்கு எழுதியவள் நான். 1984ல் வேலையில் சேர்ந்தபோது பேரேடும் மைப்பேனாவும். 2020ல் ஓய்வு பெற்றபோது மேசையில் கம்ப்யூட்டர். சேல்ஸ் டாக்ஸ், வாட், ஜி.எஸ்.டி. என்று மூன்று காலத்தையும் பார்த்தாயிற்று. 'கடை பில்லின் அடியில் போடுகிற வரிப் பணம் கடைசியில் யாருக்குப் போய்ச் சேருகிறது? சந்தேகம் இருந்தால் எழுதுங்கள்' என்று போன இதழில் கேட்டிருந்தேன். நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டுமே போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறாள். அங்கே கடையில் சாமான் வாங்கினால் விற்பனை வரி போடுகிறார்களாம். அதில் ஒரு பகுதி வீடில்லாமல் தெருவில் கிடப்பவர்களுக்கென்றே ஒதுக்கப்படுகிறதாம். அந்த ஊர் மக்களே ஓட்டுப் போட்டு அந்த வரியை ஏற்றுக்கொண்டார்கள் என்கிறாள். வரி வேண்டும் என்று யாராவது ஓட்டுப் போடுவார்களா? நம்ம எம்.சி. ரோட்டில் ஒரு புடவை எடுத்தால் அந்த வரி எங்கே போகிறது?
– வாசகி, புது வண்ணாரப்பேட்டை

பதில்: உங்கள் மகள் சொல்வது உண்மைதான் அம்மா. கலிஃபோர்னியா மாநிலத்தில் எங்கே பொருள் வாங்கினாலும் அடிப்படை விற்பனை வரி 7.25 சதவீதம். இதில் 6 மாநிலத்துக்கு. மிச்சம் ஒன்றேகால் அந்தந்த நகரத்துக்கும் மாவட்டத்துக்கும். இதற்கு மேல் கூடுதல் வரி போட வேண்டுமென்றால், எதற்காக, எத்தனை வருடத்துக்கு என்று சொல்லி ஊர்க்காரர்களிடம் ஓட்டுக்கு விட வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் மாவட்டத்தில் 2017 மார்ச்சில் அப்படித்தான் நடந்தது. வீடில்லாதவர்களுக்காக 100 டாலருக்குக் கால் டாலர், பத்து வருடத்துக்கு. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால்தான் செல்லும் என்று விதி. விழுந்தது. 2024 நவம்பரில் மறுபடி ஓட்டெடுத்து, அதை அரை டாலராக்கினார்கள். 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரிதான் நடக்கிறது.

எனக்கு இதைவிடப் பிடித்த கதை டென்வர் நகரத்துடையது. அங்கே 1988ல் மக்கள் ஓட்டுப் போட்டு, 10 டாலருக்கு ஒரு சென்ட் என்று ஒரு சின்ன வரியை ஏற்றுக்கொண்டார்கள். மிருகக்காட்சி சாலை, அருங்காட்சியகம், தாவரவியல் பூங்கா, நாடகம், இசை எல்லாவற்றுக்கும் அதிலிருந்து பணம். காலம் முடியும்போதெல்லாம் திரும்பவும் ஓட்டுக்கு வருகிறது. 1994, 2004, 2016 என்று மூன்று தடவை மக்கள் புதுப்பித்திருக்கிறார்கள். பணம் எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்தால், இன்னும் கொஞ்ச நாள் கொடுக்கலாம் என்று மனசு வந்துவிடுகிறது. கடையில் வாடிக்கையாளர்களைப் பார்த்த எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

இப்போது நம் புடவைக்கு வருவோம். விலை 1000 ரூபாய். வரி 5 சதவீதம், 50 ரூபாய். பில்லைப் பாருங்கள், 25 – 25 என்று இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒன்று மத்திய அரசுக்கு, ஒன்று மாநில அரசுக்கு. இந்த 50 ரூபாய் முழுவதையும் கடைக்காரர் ஒருவரே கட்டுவதில்லை. அவர் அந்தப் புடவையை 800 ரூபாய்க்கு மொத்த வியாபாரியிடம் வாங்கியிருந்தால், அங்கேயே 40 ரூபாய் வரி கொடுத்திருப்பார். அதைக் கழித்துக்கொண்டு இவர் கட்டுவது 10. மொத்த வியாபாரியும் அப்படியே தனக்கு முன்னால் கொடுத்ததைக் கழித்துக்கொள்வார். தறிக்கார வீட்டிலிருந்து உங்கள் பீரோ வரை துண்டு துண்டாகச் சேர்ந்ததுதான் அந்த 50.

மத்திய அரசின் 25 டெல்லியில் பெரிய தொகுப்பில் சேருகிறது. 2021லிருந்து 2026 வரைக்குமான நிதிக்குழுக் கணக்குப்படி, மாநிலங்களோடு பகிர வேண்டிய அந்தத் தொகுப்பில் 100க்கு 41 ரூபாய் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. அந்த 41ல் நமக்கு 4.079 சதவீதம். கூட்டிக் கழித்தால் தொகுப்பின் ஒவ்வொரு 100 ரூபாயிலும் தமிழ்நாட்டுக்கு வருவது 1 ரூபாய் 67 காசு.

மாநிலத்தின் 25 ரூபாய் கோட்டையில் பொதுக் கணக்கில் விழுகிறது. ஸ்டான்லி ஆஸ்பத்திரி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். பிரசவ ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடத்தில் காலைச் சாப்பாடு, சாதாரண பஸ்ஸில் பெண்கள் நாம் காசு கொடுக்காமல் போவது எல்லாம் அந்தப் பெரிய பானையிலிருந்துதான். மாநிலத்தின் சொந்த வரி வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை ஊராட்சி, நகராட்சி, மாநகராட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அப்படியென்றால் உங்கள் புடவையின் 25 ரூபாயில் இரண்டரை ரூபாய் தமிழ்நாட்டின் எல்லா உள்ளாட்சிகளுக்கும். அதில் ஒரு துளி சென்னை மாநகராட்சிக்கு. புது வண்ணாரப்பேட்டைத் தெருவுக்கு என்று வரும்போது அது காசுக் கணக்குதான்.

அமெரிக்காவுக்கும் நமக்கும் வித்தியாசம் இங்கேதான். அங்கே கடைத் தெருவில் வசூலானது அதே ஊர் நூலகத்துக்கோ பூங்காவுக்கோ நேராகப் போக வழி இருக்கிறது. இங்கே அது டெல்லிக்கும் கோட்டைக்கும் போய்ச் சுற்றி வருகிறது. சுற்றி வருவது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கடைத் தெரு உள்ள ஊர் மட்டும் கொழித்து, கடையே இல்லாத ஊர் காய்வது எப்படி நியாயமாகும்? தி. நகரில் விற்கிற நகையின் வரி எண்ணூர்ப் பிள்ளைக்கும் சோறு போட வேண்டும்தானே. ஆனால் பணம் போகிற வழி நீளமாக இருப்பதால், கொடுத்தவருக்கு அது தன் பணம் என்பதே மறந்துபோகிறது. எனக்கு அதுதான் கவலை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 'பில் போட்டு வேணுமா, பில் இல்லாம வேணுமா?' என்று கேட்டால், 50 ரூபாய் மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்காதீர்கள். நான் முதலில் வேலை பார்த்த கடையில் இரண்டு நோட்டு இருந்தது. ஒன்று ஆபீசருக்குக் காட்ட, இன்னொன்று முதலாளிக்கு மட்டும். வாடிக்கையாளரிடம் வரியோடு சேர்த்து விலை வாங்கிவிட்டு, அந்த விற்பனையை இரண்டாவது நோட்டில் எழுதச் சொல்வார்கள். ஜனங்கள் கொடுத்த வரி அவர் கல்லாவிலேயே நின்றுவிடும். ஏழு மாதம் எழுதினேன். ஒரு நாள், பிரசவத்துக்குச் சேர்த்திருந்த என் அக்காவைப் பார்க்க அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரே கட்டிலில் இரண்டு பேரைப் படுக்க வைத்திருந்தார்கள். மறுநாள் அந்த நோட்டைத் தொட எனக்குக் கை வரவில்லை. வேலையை விட்டுவிட்டேன். வீட்டில் திட்டு வாங்கினேன், இரண்டு மாதம் சம்பளம் இல்லை. அடுத்து சேர்ந்த கடையில் ஒரே நோட்டு.

கேள்வி: எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் பில்லில் நம்பர் எதுவும் போடாமல், கையால் '5 சதவீதம் வரி' என்று எழுதி வாங்குகிறார். இது சரியா?
– வாசகர், கொருக்குப்பேட்டை

பதில்: சரியில்லை. வரி வாங்குகிறவர் பதிவு எண்ணைப் பில்லில் போட்டாக வேண்டும். 15 எழுத்து–எண், தமிழ்நாட்டுக் கடை என்றால் 33 என்று தொடங்கும். பொருள் விற்கிற கடைக்கு வருடத்துக்கு 40 லட்சம் விற்பனை வரை பதிவே தேவையில்லை. ஆனால் பதிவில்லாதவர் வரி என்று ஒரு ரூபாய்கூடத் தனியாக வாங்கக் கூடாது. ஒன்றரைக் கோடி வரை விற்பவர்கள் 'காம்பொசிஷன்' என்கிற தொகுப்பு முறையில் இருக்கலாம். கடைக்காரர்களுக்கு அது விற்பனையில் ஒரு சதவீதம், அதைத் தங்கள் கையிலிருந்து கட்ட வேண்டும். அவர்களும் நம்மிடம் வரி கேட்க முடியாது. நம்பரைக் கேளுங்கள். சண்டை வேண்டாம், கேட்டாலே போதும்.

கேள்வி: அம்மா, நான் கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கிறேன். அப்பா துறைமுகம் பக்கம் மூட்டை தூக்குகிறார். அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார். வகுப்பில் ஒரு பேச்சு வந்தபோது, 'நாங்க வரி கட்டுறோம், உங்க ஏரியாவுல எல்லாம் ஓசியில வாங்குறீங்க' என்று ஒரு நண்பன் சொல்லிவிட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் வருமான வரி கட்டியதில்லை என்பது உண்மைதானே?
– மாணவர், வியாசர்பாடி

பதில்: தம்பி, உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு வேறு எந்த வேலையும் எனக்கு ஓடவில்லை. உட்கார்ந்து கணக்குப் போடுவோம் வா.

உன் கையில் போன் இருக்கும். 299 ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்கிறாய் என்று வை. அதில் 18 சதவீதம் வரி உள்ளேயே இருக்கிறது. கழித்துப் பார், வரி மட்டும் 45 ரூபாய் 61 காசு. அந்தப் போனை வாங்கியபோதும் 18 சதவீதம். அம்மா சமைக்கிற கேஸ் சிலிண்டருக்கு 5, எண்ணெய்க்கு 5, டீத்தூளுக்கு 5. குளிக்கிற சோப்பு, தலைக்குப் போடுகிற ஷாம்பு, பல் துலக்குகிற பேஸ்ட், டீயில் தொட்டுத் தின்கிற பிஸ்கட் எல்லாம் 2025 செப்டம்பர் 21 வரை 18 சதவீதத்தில் இருந்தன. அதற்கப்புறம்தான் 5 ஆயிற்று. ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டிலும் வரி இருக்கிறது. அது சின்னப் பாக்கெட்டாக இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. மிக்சி வாங்கினால் 18. வண்டிக்குப் பெட்ரோல் போட்டால், அது ஜி.எஸ்.டி.யில் வராது, மத்திய அரசுக்குக் கலால் வரி, மாநிலத்துக்கு வாட் என்று இரண்டு தனித்தனி. வாடகை வீட்டில் இருந்தால், வீட்டுக்காரர் கட்டுகிற சொத்து வரியும் வாடகைக்குள்ளே ஒளிந்திருக்கிறது.

வரி இல்லாததையும் சொல்ல வேண்டும். சில்லறை அரிசி, பால், காய்கறி, மீன், புத்தகம் இவற்றுக்கு இல்லை. அதே அரிசியைப் பெயர் அச்சடித்து 25 கிலோ வரைக்குமான பையில் கட்டினால் 2022 ஜூலையிலிருந்து 5 சதவீதம்.

பணக்காரர் சோப்புக்கும் உன் அம்மா சோப்புக்கும் வரி ஒன்றுதான். ஆனால் அவர் சம்பளத்தில் சோப்புக்குப் போவது எத்தனை, உன் வீட்டில் போவது எத்தனை? சம்பாதிப்பது முழுக்கச் சாமானுக்கே செலவாகிற வீட்டில்தான் இந்த வரி அதிகமாகக் கடிக்கும். உன் அப்பா 30 வருடம் மூட்டை தூக்கியிருந்தால் 30 வருடமும் வரி கட்டியிருக்கிறார். ரசீதுதான் அவர் பெயரில் இல்லை.

இந்தியாவில் இந்தப் பொது விற்பனை வரி பிறந்ததே நம் மாகாணத்தில்தான். 1937ல் ராஜாஜியின் ஆட்சி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. சாராய வருமானம் போயிற்று. அதை ஈடுகட்ட 1939ல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. எல்லாப் பொருளுக்கும் பொதுவாக விற்பனை வரி போட்ட முதல் மாகாணம் சென்னைதான். அரசாங்கத்துக்குப் பணம் குறைந்தபோது, சாமான் வாங்குகிற ஒவ்வொருவரும் அதைத் தாங்கினார்கள். மூட்டை தூக்கியவர்களும்தான்.

அதற்கு முன்னாலேயே ஒன்று நடந்தது. 1920ல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்தவர் பிட்டி தியாகராயர். பழைய வண்ணாரப்பேட்டையில் அவர் பெயரில் கல்லூரி இருக்கிறதே, அவர்தான். பிள்ளைகள் பசியோடு வருகிறார்கள், வயிறு காய்ந்தால் பள்ளிக்கூடத்தில் தங்க மாட்டார்கள் என்று பார்த்து, ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் சாப்பாடு போட மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று கணக்கு. ஊர் வரிப் பணத்தில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறு. இன்றைக்குப் பள்ளியில் காலைச் சாப்பாடு சாப்பிடுகிற உன் தெருக் குழந்தைகள் ஓசியில் சாப்பிடவில்லை. அவர்கள் வீட்டுப் பேஸ்டும் எண்ணெயும் கொடுத்த பணம் சுற்றி வந்து தட்டில் விழுகிறது.

உன் நண்பனிடம் கோபப்படாதே. அவனுக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். இந்தப் பக்கத்தைக் காட்டு, 299 கணக்கை அவனையே போடச் சொல்.

கேள்வி: வால்டாக்ஸ் ரோட்டில் 40 வருடமாகக் கடை வைத்திருக்கிறேன். அந்தப் பெயரில் இருக்கிற டாக்ஸ் என்ன டாக்ஸ்?
– வாசகர், சௌகார்பேட்டை

பதில்: வரவே வராத டாக்ஸ் ஐயா! 1760களின் கடைசியில் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னை வரைக்கும் வந்து மிரட்டிவிட்டுப் போனது. அப்புறம் கருப்பர் நகரம் என்று அப்போது சொன்ன இன்றைய ஜார்ஜ் டவுனைச் சுற்றிக் கம்பெனிக்காரர்கள் மதில் கட்டினார்கள். மேற்கு மதில் உங்கள் ரோட்டை ஒட்டித்தான் ஓடியது. மதில் உங்களுக்குத்தான் பாதுகாப்பு, அதனால் செலவை நீங்களே வரியாகக் கொடுங்கள் என்று ஊர்க்காரர்களிடம் கேட்கத் திட்டம். அந்த வரி கடைசி வரை வசூலாகவில்லை. பெயர் மட்டும் நின்றுவிட்டது. மதிலில் மிஞ்சிய ஒரு துண்டு பழைய ஜெயில் ரோட்டில் இருக்கிறது. அதன் மேல்தான் மாடிப் பூங்கா. ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள்.

இதற்கும் 80 வருடம் முந்திய கதை இன்னும் ருசியானது. அப்போதும் கம்பெனி இந்த ஊர்க்காரர்களிடம் வரி கேட்டது. ஜனங்கள் எதிர்த்தார்கள். லண்டனில் இருந்த கம்பெனித் தலைவர்கள் யோசித்து ஒரு கடிதம் எழுதினார்கள். நாம் அதிகாரத்தால் ஆறு பென்ஸ் கேட்டாலும் தர மாட்டார்கள், தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டால் ஐந்து ஷில்லிங்கூட மனசோடு தருவார்கள் என்பது அதன் சாரம். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், பத்து மடங்கு ஆகிறது! அந்த எண்ணத்தில்தான் 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனத்தின் மூலம் 1688 செப்டம்பர் 29 அன்று சென்னை மாநகராட்சி பிறந்தது. ஊர் மண்டபம், சிறைச்சாலை, இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இவற்றைக் கட்ட வரி விதிக்கலாம் என்று சாசனத்திலேயே எழுதியிருந்தது. மன்றத்தில் இந்த ஊர் வணிகர்களுக்கும் இடம் கொடுத்தார்கள்.

கம்பெனிக்காரர்களுக்கு நம் மேல் அன்பு ஒன்றும் இல்லை, அவர்களுக்குப் பணம் வேண்டியிருந்தது. ஆனாலும் அவர்கள் கண்டுபிடித்த விஷயம் உண்மைதான். முதல் கேள்வி கேட்ட அம்மாவும் கவனிக்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸில் இன்றைக்கு ஓட்டுப் போட்டு வரி வாங்குவதும் இதே காரணத்தால்தான்.

கேள்வி: ராயபுரத்தில் 500 சதுர அடியில் சொந்த வீடு. சொத்து வரியோடு நூலக வரி என்று ஒன்றையும் வாங்குகிறார்கள். நான் ஐந்தாவது வரை படித்தவள். நூலகப் படி ஏறியதில்லை. நான் ஏன் அதைக் கட்ட வேண்டும்? வாங்குகிற மற்ற வரியெல்லாம் எங்கே போகிறது?
– வாசகி, ராயபுரம்

பதில்: அக்கா, முதலில் மற்றதைச் சொல்லிவிட்டு நூலகத்துக்கு வருகிறேன். ஏனென்றால் நூலகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

நம் தெருவுக்கு நேராக வருகிற பணம் என்றால் முதலில் சொத்து வரிதான். வருடத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரலிலும் அக்டோபரிலும் அரையாண்டு தொடங்குகிறது. முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, விடாதீர்கள். குப்பை அள்ளுவது, தெரு விளக்கு, மாநகராட்சிப் பள்ளி, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம், தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் ஆஸ்பத்திரி, ஒரு ரூபாய் இட்லி போடுகிற அம்மா உணவகம் எல்லாம் மாநகராட்சி நடத்துவது. அடுத்தது தொழில் வரி. சம்பளம் வாங்குகிறவர், கடை வைத்திருப்பவர் கட்டுவது. எவ்வளவு சம்பாதித்தாலும் வருடத்துக்கு 2500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியலமைப்புச் சட்டமே சொல்கிறது. அப்புறம், யாராவது வீடு வாங்கிப் பத்திரம் பதிந்தால் முத்திரைத் தீர்வையோடு 2 சதவீதம் கூடுதலாக வாங்குகிறார்களே, அது உள்ளாட்சிக்கு. சினிமா டிக்கெட்டில் ஜி.எஸ்.டி. போக உள்ளாட்சிக் கேளிக்கை வரி என்று ஒன்று உண்டு. பொருள், சேவை விற்பனையில் ஜி.எஸ்.டி.க்குள் கரையாமல் உள்ளாட்சியின் கையில் தங்கியது அது ஒன்றுதான்.

குடிநீரும் கழிவுநீரும் மாநகராட்சி இல்லை, குடிநீர் வாரியம். அதற்கு வரி தனி, சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். சாக்கடை பொங்கினால் மாநகராட்சியின் 1913க்குப் போன் செய்து திட்டிப் பயனில்லை, வாரியத்தைத்தான் பிடிக்க வேண்டும். எந்தப் பையிலிருந்து பணம் போகிறது என்று தெரிந்தால்தான் எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியும்.

இப்போது நூலக வரி. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு. சொத்து வரி 600 என்றால் இது 60. 1948ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம். பெரிய நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பல வருடம் பாடுபட்டதன் பலன் அது. ஆரம்பத்தில் ரூபாய்க்கு 6 பைசா கூட இல்லை, 6 பை. பழைய காசில் ஒரு ரூபாய்க்கு 192 பை. இன்றைக்கும் இந்தப் பணம் நூலக ஆணைக்குழுவுக்குப் போக வேண்டிய பணம், நூலகத்துக்கென்றே வாங்குவது. ரோடு போடவோ குழாய் பதிக்கவோ என்று வாங்கியது இல்லை. டென்வர்க்காரர்களின் ஒரு சென்ட் மாதிரி நம்மிடம் ஒன்று இருக்கிறதென்றால் இதுதான். அவர்களுக்கு 40 வருடம் முந்தியே நாம் செய்திருக்கிறோம். நம் ஜனங்களுக்கு அது தெரியவில்லையே என்றுதான் எனக்கு ஆதங்கம்.

அக்கா, என் அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். எங்கள் வீடு ஒரே அறை, ஆறு பேர். படிக்க இடமும் இல்லை, விளக்கும் இல்லை. பத்தாவது படிக்கும்போது நான் சாயங்காலம் கிளை நூலகத்துக்குப் போய் உட்காருவேன். அங்கே டியூப்லைட் இருந்தது, மின்விசிறி இருந்தது, மேசை இருந்தது. கணக்குப் பதிவியல் புத்தகத்தை முதன்முதலில் பார்த்தது அந்த அலமாரியில்தான். வரவு, பற்று என்ற இரண்டு சொல்லை நான் அங்கே கற்றுக்கொண்டேன். 36 வருடம் எனக்குச் சோறு போட்டது அந்த இரண்டு சொல். அந்த விளக்குக்கு யார் பணம் கட்டினார்கள்? ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் வீடு வைத்திருந்த, நூலகப் படி ஏறாத உங்களைப் போன்றவர்கள். அவர்களில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது.

நீங்கள் கட்டுகிற 60 ரூபாயில் இப்போது ஒரு பெண் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். தினசரி பேப்பர் கிடைக்கும், பெரிய எழுத்துக் கதைப் புத்தகம் கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார்கள். படிக்க வராவிட்டாலும் பரவாயில்லை, உங்கள் பணத்தில் சுற்றுகிற மின்விசிறிக்கு அடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் ஓட்டுப் போடுகிறார்கள் என்றால், நமக்கு அந்த வழியே கிடையாதா?
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: வரியைப் போடலாமா என்று நம்மிடம் ஓட்டுக் கேட்க மாட்டார்கள். ஆனால் செலவைப் பற்றிக் கேட்க இடம் இருக்கிறது. கிராமத்தில் கிராம சபை மாதிரி, நகரத்தில் வார்டு குழுவும் பகுதி சபையும் 2022லிருந்து வந்திருக்கின்றன. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதி வாக்காளர்கள் உட்கார்ந்து பேசும் சபை. எங்கே விளக்கு வேண்டும், எந்தப் பள்ளிக்குக் கழிப்பறை வேண்டும் என்று அங்கே சொல்லலாம், எழுதி வைக்கச் சொல்லலாம். நான் போயிருந்த கூட்டத்தில் 20 பேர்கூட இல்லை. பேசியவர்கள் எல்லோரும் ஆண்கள். நான் எழுந்து, கழிவறை இல்லாத சந்தை என்று ஒன்றைச் சொன்னேன். பின்னால் நின்ற இரண்டு பெண்கள் அப்புறம்தான் பேசினார்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று உங்கள் கவுன்சிலர் ஆபீசில் கேளுங்கள். போகும்போது சொத்து வரி ரசீதைக் கையில் எடுத்துப் போங்கள். வாடகைக்காரர் என்றால் மளிகை பில்லை எடுத்துப் போங்கள், அதுவும் வரி ரசீதுதான்.

கேள்வி: காசிமேட்டில் மீன் எடுத்து தலைச்சுமையாக விற்கிறேன். மீனுக்கு ஜி.எஸ்.டி. உண்டா? சந்தையில் உட்கார்ந்தால் தினமும் ஒருவர் வந்து காசு வாங்குகிறார். அது என்ன வரி? (என் பேத்தி எழுதிக் கொடுத்தது.)
– வாசகி, காசிமேடு

பதில்: பேத்தி கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, முதலில் அவளுக்கு என் அன்பு. பச்சை மீனுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது அம்மா. உறைய வைத்து, பெயர் ஒட்டிப் பாக்கெட்டில் விற்றால்தான் உண்டு. சந்தையில் உட்காரக் கேட்கிற காசு வரி இல்லை, இடத்துக்கான கட்டணம். முறைப்படி வாங்குகிறவர் என்றால் தொகை அச்சடித்த சீட்டுக் கொடுக்க வேண்டும். 2014ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி உங்களுக்கு வியாபாரச் சான்றிதழும் அடையாள அட்டையும் வாங்க உரிமை உண்டு. வாங்கியிருக்கிறீர்களா என்று எழுதுங்கள். நாளைக்கு அவர் வந்தால் காசைக் கையில் வைத்துக்கொண்டு, 'சீட்டு குடுப்பா' என்று கேளுங்கள். கொடுத்தால் தேதி போட்டு எடுத்து வையுங்கள். கொடுக்காவிட்டால் அதையும் பேத்தியிடம் சொல்லி எனக்கு எழுதச் சொல்லுங்கள்.